இயன் மர்டாக்

இயன் ஆஷ்லி மர்டாக் (ஏப்ரல் 28, 1973 - டிசம்பர் 28, 2015) ஓர் அமெரிக்க மென்பொருள் பொறியியலாளர் ஆவார். டெபியன் எனும் கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை 1993 ஆம் ஆண்டில் தமது இருபதாவது வயதில் தொடக்கியவர் இவரே. மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டி, ஒவ்வொரு பொதியும் வேறு எவ்வெப்பொதிகளைச் சார்ந்திருக்கிறது என்பதைக் கணினியே அறிந்துகொள்ளும் முறை பரவலாவதற்கு டெபியன் முதன்மையான காரணங்களுள் ஒன்றாக அமைந்தது. உபுண்டு, இந்தியாவில் உருவாக்கப்பட்ட பாஸ் லினக்ஸ் உள்ளிட்ட பல வழங்கல்கள் டெபியனை அடிப்படையாகக் கொண்டவை.

இளமை

மர்டாக் அன்றைய மேற்கு செருமனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். இவரது தந்தை பூச்சியியல் அறிஞர். குடும்பம் அமெரிக்கா திரும்பிய பின் இந்தியானா மாநிலத்தின் லஃபாயெட் பகுதியில் வளர்ந்தார். அங்கேயே அமைந்துள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தில் பயின்று 1996 இல் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றார்.

மாணவராக இருந்தபோது பல்கலைக்கழகத்தின் யுனிக்சு கணினிகள் இவரை ஈர்த்தன. ஆனால் அத்தகைய கணினியைச் சொந்தமாக வாங்குவது அக்காலத்தில் ஒரு மாணவரால் இயலாத செயல். யுனிக்சை ஒத்த லினக்ஸ் கரு 1991 இல் வெளிவந்து, சாதாரண வீட்டுக் கணினியிலும் இயங்கத் தொடங்கியபோது அந்தத் தடை நீங்கிற்று. மர்டாக் 1993 இல் லினக்சைப் பயன்படுத்தலானார்.

டெபியன் தோற்றம்

லினக்ஸ் என்பது இயங்குதளத்தின் கரு மட்டுமே. அதனுடன் தொகுப்பிகள், கட்டளை ஓடு, உரைத்தொகுப்பிகள் முதலியவற்றைச் சேர்த்து ஒரு முழுமையான வழங்கலாக யாரேனும் தந்தால்தான் பயனர் அதை நிறுவ முடியும். 1993 இல் பரவலாக இருந்த வழங்கல் சாஃப்ட்லேண்டிங் லினக்ஸ் சிஸ்டம் என்பதாகும். நெகிழ்வட்டுகளில் வந்த அவ்வழங்கல் வழுக்கள் நிறைந்ததாக இருந்தது. அவை திருத்தப்படவும் இல்லை. இதில் மனக்குறை கொண்டவர்கள் இருவர் வெவ்வேறு வழியில் சென்றனர். பேட்ரிக் வோல்கர்டிங் அதைச் செப்பனிட்டு சிலாக்வேர் என்ற வழங்கலை உருவாக்கினார். மர்டாக் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க முடிவு செய்தார்.

ஆகத்து 16, 1993 அன்று யூசுநெட் செய்திக்குழு ஒன்றில் புதிய வழங்கல் பற்றிய அறிவிப்பை வெளியிட்டார். அப்போது தம் காதலியாயிருந்து பின்னர் மனைவியான டெப்ராவின் பெயரின் முற்பகுதியையும் தம் பெயரையும் இணைத்து டெபியன் எனப் பெயரிட்டார். இத்தம்பதியருக்கு இரு பிள்ளைகள். பிற்காலத்தில் இவர்கள் மணமுறிவு பெற்றனர்.

1994 சனவரியில் டெபியன் கொள்கை அறிக்கையை வெளியிட்டார். வழங்கலைப் பேணுவது சலிப்பூட்டும் வேலை என்பதும், ஒருவராக நின்று அதை நெடுங்காலம் செய்ய இயலாது என்பதும் அவ்வறிக்கையின் அடிப்படை. லினக்ஸ் கரு வளர்ந்த அதே திறந்த முறையில் வழங்கலும் பலரது உழைப்பில் வளர வேண்டும் என அதில் வாதிட்டார். இத்திட்டத்திற்கு 1994 நவம்பர் முதல் 1995 நவம்பர் வரை ரிச்சர்டு சுடால்மனின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஆதரவு வழங்கியது.

பொதி முறை

பலர் சேர்ந்து ஒரு வழங்கலை உருவாக்குவதானால் வேலையைப் பகுக்க ஓர் அலகு வேண்டும். அந்த அலகே பொதி ஆயிற்று. ஒருவர் ஒரு பொதிக்கோ சில பொதிகளுக்கோ பொறுப்பேற்பார். அவர் மற்றவரின் நிரலைப் படித்தறிய வேண்டியதில்லை. தம் பொதிக்கு வேறு எவை தேவை என்று மட்டும் அறிவித்தால் போதும். டெபியனில் பொதி மேலாளர் உருவானதற்கு இந்தச் சமூகத் தேவை பெரிய காரணம் என்பது கவனிக்கத்தக்கது.

டெபியனின் பொதி மேலாளரான டிபிகேஜி என்னும் நிரலின் முதல் வடிவத்தை மர்டாக் 1994 தொடக்கத்தில் கட்டளை ஓட்டு நிரலாக எழுதினார். பின்பு மேட் வெல்சு, கார்ல் சுட்ரீக்கர் ஆகியோருடன் சேர்ந்து அதைப் பெர்ல் மொழியில் எழுதினார். அதே ஆண்டில் இயன் சாக்சன் அதன் பெரும்பகுதியைச் சி மொழியில் மாற்றி எழுதினார். இருவர் பெயரும் இயன் என்பதால் சில கட்டுரைகளில் இவர்கள் ஒருவரெனக் குழப்பிக்கொள்ளப்படுவதுண்டு.

1994 சனவரியில் வந்த 0.91 பதிப்பில் பொதிகளை நிறுவவும் நீக்கவும் மட்டுமே முடிந்தது. நாளடைவில் ஒவ்வொரு பொதியினுள்ளும் கட்டுப்பாட்டுக் கோப்பு ஒன்று இடம்பெற்றது. பொதியின் பெயர், பதிப்பெண், பேணுநர் ஆகியவற்றோடு உறவுகளும் அதில் எழுதப்படும். இன்றியமையாத சார்பு, பரிந்துரை, ஆலோசனை, முரண் என உறவுகள் பலவகை. ஒரு பொதியை நீக்க முயலும்போது வேறொரு பொதி அதைச் சார்ந்திருப்பின் டிபிகேஜி மறுத்துவிடும். வேறு கணினிகளில் நூலகக் கோப்பு ஒன்றை அழித்துவிட்டு, தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஐந்தாறு நிரல்கள் இயங்காமற்போனதைக் கண்டு திகைத்தவர்களுக்கு இது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

திட்டத்திலிருந்து விலகல்

1996 மார்ச்சில் மர்டாக் டெபியன் தலைமையிலிருந்து விலகினார். பொறுப்பு புரூசு பெரென்சிடம் சென்றது. அவ்வாண்டு சூன் மாதம் வெளியான 1.1 பதிப்பில் 474 பொதிகள் இருந்தன. 2023 இல் வெளியான 12 ஆம் பதிப்பில் அவ்வெண்ணிக்கை 64,000 ஐக் கடந்தது. தொடக்கியவர் விலகினால் திட்டமும் முடங்குவது தன்னார்வ மென்பொருள் உலகில் அடிக்கடி நிகழ்வது. டெபியனில் அவ்வாறு நிகழவில்லை. பொதி ஒவ்வொன்றிற்கும் பேணுநர் ஒருவர் இருந்ததும், 1997 இல் சமூக ஒப்பந்தமும் அடுத்து யாப்பும் இயற்றப்பட்டதும், தலைவர் தேர்தல் மூலம் தெரிவு செய்யப்பட்டதும் இதற்குக் காரணங்கள்.

தேவையற்ற சார்புகள்

மர்டாக் விலகிய பிறகே பொதி முறையின் இரண்டாவது பெரும் சிக்கல் வெளிப்பட்டது. ஒரு பொதியை நிறுவும்போது அது சார்ந்துள்ள பொதிகளைப் பயனர் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்த காலத்தில், எது எதற்காக வந்தது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. 1998 இல் முதலில் வெளிவந்து 1999 மார்ச்சில் டெபியன் 2.1 பதிப்புடன் பரவிய ஆப்ட் என்னும் கருவி இணையக் களஞ்சியங்களிலிருந்து சார்புகளைத் தானே கொணர்ந்து நிறுவிற்று. பயனர் கேட்டது ஒன்று. வந்து இறங்கியவை இருபது. பின்னர் அந்த ஒன்றை நீக்கினால், மற்றைய பத்தொன்பதும் அப்படியே தங்கிவிடும்.

இதை விளங்கிக்கொள்ளப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கண்மாய்களை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு ஒரு கண்மாய் நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியே வழிந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும். மேலே உள்ள கண்மாயைத் தூர்த்தால் கீழே உள்ளது வறண்டுவிடும். சார்ந்திருக்கும் பொதி உள்ளவரை அடிப்படைப் பொதியை நீக்கலாகாது என்ற டிபிகேஜியின் விதி இதற்கு ஒப்பானது. மறுபுறம், கீழ்க்கண்மாயின் ஆயக்கட்டு முழுவதும் தரிசாகி, பாசனம் செய்வார் இல்லாமற்போன பிறகும் வரத்து வாய்க்கால் கிடக்கத்தான் செய்யும். அவ்வாய்க்கால் யாருக்காக வெட்டப்பட்டது என எழுதி வைக்கப்படவில்லையானால், அதை மூடலாமா கூடாதா என எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. டிபிகேஜியின் பதிவேட்டில் இல்லாத குறிப்பு இதுவே. எந்தப் பொதி எதைச் சார்ந்துள்ளது என்று அதற்குத் தெரியும். ஒரு பொதி பயனர் கேட்டு வந்ததா, துணையாக வந்ததா என்று தெரியாது.

அனாதையாகிப்போன பொதிகள் வட்டின் இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு முறை இற்றைப்படுத்தும்போதும் அவற்றின் புதிய பதிப்புகளும் தரவிறக்கப்படும். தொலைபேசி வழி இணைப்பையோ மெதுவான இணையத்தையோ நம்பியிருப்பவர்களுக்கு இது வீண் செலவு. பயன்படாத நிரலில் உள்ள பாதுகாப்பு ஓட்டை, பயன்படும் நிரலில் உள்ள ஓட்டையைப் போன்றே தீங்கிழைக்கக் கூடியது.

முதலில் வந்த தீர்வுகள் ஊகத்தைச் சார்ந்தவை. டெபார்ஃபன் என்ற கருவி, நூலக வகைப் பொதி ஒன்றை வேறு எப்பொதியும் சார்ந்திராவிட்டால் அது தேவையற்றதாயிருக்கலாம் எனப் பட்டியலிட்டது. டெப்ஃபாசுட்டர் என்ற கருவி எப்பொதிகளை வைத்துக்கொள்ள விருப்பம் என்று பயனரையே கேட்டு, விடையைக் குறித்து வைத்தது. டேனியல் பரோசு எழுதிய ஆப்டிடியூட் துணையாக நிறுவப்படும் பொதி ஒவ்வொன்றுக்கும், தானாக வந்தது என்ற அடையாளத்தை நிறுவும் வேளையிலேயே இட்டது. ஊகத்திற்கு இடமின்றிப் போனதால் இதுவே சரியான வழியாயிற்று. 2000களின் பிற்பகுதியில் ஆப்ட் கருவியும் இவ்வடையாளத்தை ஏற்றுக்கொண்டது. தேவையற்றவற்றை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளை அதன் வழியே வந்தது.

இக்கட்டளை செயற்படும் விதம் எளிது. பயனர் தாமே கேட்டு நிறுவிய பொதிகளும் இயங்குதளத்திற்கு இன்றியமையாத பொதிகளும் வேர்களாகக் கொள்ளப்படுகின்றன. ஒவ்வொரு வேரிலிருந்தும் சார்பு உறவுகளைப் பின்தொடர்ந்து, எட்டக்கூடிய பொதிகள் அனைத்திற்கும் குறியிடப்படுகிறது. பரிந்துரை உறவுகளும் இயல்பாகவே பின்தொடரப்படுகின்றன. குறி பெறாமலும் தானாக வந்ததென்ற அடையாளத்துடனும் எஞ்சுபவை நீக்கத்தக்கவை. லிசுப் நிரல்மொழியின் நினைவகக் குப்பையை அகற்ற சான் மெக்கார்த்தி ஏறத்தாழ 1960 ஆம் ஆண்டளவில் கையாண்ட உத்தியே இங்கு வட்டிலுள்ள பொதிகளுக்குப் பயன்படுகிறது.

சார்ந்திருப்போரின் எண்ணிக்கை சுழியாகிவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதாதா என்னும் ஐயம் எழலாம். போதாது. இரு பொதிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் நிலை உண்டு. வெளியிலிருந்து எவருக்கும் அவை தேவைப்படாதபோதும், ஒன்று மற்றதைக் காத்து நிற்பதால் எண்ணிக்கை ஒருபோதும் சுழியாவதில்லை. வேரிலிருந்து எட்ட முடிகிறதா என்று பார்க்கும் முறையில் அத்தகைய இணைகளும் அகப்பட்டுவிடும்.

முறை சரியாயிருந்தும் விளைவு தவறாகலாம். முழுப் பணிச்சூழலையும் நிறுவுவதற்கென உள்ளீடற்ற தொகைப்பொதிகள் உள்ளன. அவற்றில் கோப்புகள் இரா. சார்புப் பட்டியல் மட்டுமே இருக்கும். பயனர் தமக்கு வேண்டாத சிறு விளையாட்டு ஒன்றை நீக்கினால், அதைச் சார்ந்த தொகைப்பொதியும் உடன் நீங்கும். வேர் அகன்றதால் பணிச்சூழலின் எஞ்சிய நூற்றுக்கணக்கான பொதிகளும் தேவையற்றவை எனக் காட்டப்படும். பட்டியலைப் படிக்காமல் ஒப்புதல் அளித்துத் திரையையே இழந்தவர்கள் பலர். இதனால், தொகைப்பொதி நீக்கப்படும்போது அதன் சார்புகள் பயனரே கேட்டவையாகக் கருதப்படுமாறு ஆப்ட் பின்னர் மாற்றப்பட்டது. இயங்கிக்கொண்டிருக்கும் கருவும் இவ்வாறே காக்கப்படுகிறது. எனினும், பயனர் தாமே மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவிய மென்பொருள் பொதி மேலாளரின் கண்ணுக்குத் தெரியாது. அது பயன்படுத்தும் நூலகம் தேவையற்றதெனக் கணிக்கப்படும் இடர் இன்றும் உள்ளது. அந்நூலகத்தைத் தாமே கேட்டதாகக் குறித்துவைப்பதே இதற்கான வழி.

ஃபெடோராவின் டிஎன்எஃப், ஆர்ச்சு லினக்சின் பேக்மேன் முதலிய பிற பொதி மேலாளர்களும் இதே போன்ற அடையாளத்தைப் பேணுகின்றன. இவ்வசதிகள் எவற்றையும் மர்டாக் எழுதவில்லை. சில இடங்களில் ஆப்ட் கருவியே இவரது படைப்பு எனக் குறிப்பிடப்படுவது பிழையாகும். சார்புகளை அறிவிக்கும் பொதி என்ற அடித்தளமே இவர் விட்டுச்சென்றது.

பிற்காலப் பணிகள்

பட்டம் பெற்றபின் சிலகாலம் அரிசோனா பல்கலைக்கழகத்தில் நிரலாளராகப் பணியாற்றினார். அங்கு அறிமுகமான சான் ஆர்ட்மனுடன் சேர்ந்து புரோசெனி லினக்ஸ் சிசுடம்சு என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தார். டெபியனை வணிக நிறுவனங்களுக்கு ஏற்றதாக்குவது அதன் நோக்கம். 2001 இல் வெளியிட்ட வழங்கல் அதே ஆண்டில் கைவிடப்பட்டது. நிறுவனமும் 2007 இல் மூடப்பட்டது. வெவ்வேறு லினக்ஸ் வழங்கல்களுக்குப் பொதுவான தரம் வகுக்கும் முயற்சிக்கும் தலைமை தாங்கினார். ஓர் மென்பொருளை ஒருமுறை கட்டி எல்லா வழங்கல்களிலும் நிறுவ முடிய வேண்டும் என்பது அதன் குறிக்கோள். இக்கனவு அவர் எண்ணிய வடிவில் நிறைவேறியதாகக் கூற இயலாது.

2007 மார்ச்சில் சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனத்தில் சேர்ந்தார். சோலாரிசு இயங்குதளத்தை லினக்சுக்குப் பழகியவர்களும் எளிதில் பயன்படுத்துமாறு மாற்றும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இத்திட்டம் இவரது சொந்த மாநிலத்தின் பெயரால் இந்தியானா திட்டம் என்று அழைக்கப்பட்டது. இதன் பயனாக 2008 மே மாதம் வெளிவந்த ஓப்பன்சோலாரிசு, களஞ்சியங்களிலிருந்து சார்புகளுடன் பொதிகளை நிறுவும் புதிய முறையைக் கொண்டிருந்தது. அதே 2007 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்றில், லினக்ஸ் கணினித் துறைக்கு அளித்த மிகப்பெரிய முன்னேற்றம் பொதி மேலாண்மையே என்ற கருத்தை முன்வைத்தார். 2010 இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியதும் அங்கிருந்து விலகினார்.

2011 முதல் இந்தியானாபொலிசு நகரின் எக்சாக்ட்டார்கெட் நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்தார். 2015 நவம்பரில் டாக்கர் நிறுவனத்தில் இணைந்தார். ஒரு மென்பொருளை அதன் சார்புகள் அனைத்துடனும் ஒரே கொள்கலத்தில் அடைத்து அனுப்பும் தொழில்நுட்பம் டாக்கருடையது. பொதிகள் நூலகங்களைப் பகிர்ந்துகொள்ளும் டெபியன் முறைக்கு இது ஏறத்தாழ நேரெதிரானது. பழைய சார்புகளைத் தேடி நீக்குவதற்குப் பதில் கொள்கலத்தையே எறிந்துவிடலாம். டெபியனைத் தொடக்கியவர் இதில் என்ன செய்திருப்பார் என்பதைக் காணும் வாய்ப்பு கிட்டவில்லை.

இறப்பு

மர்டாக் டிசம்பர் 28, 2015 அன்று சான் பிரான்சிசுக்கோவில் தமது 42 ஆவது வயதில் இறந்தார். இறப்பதற்கு முன் டுவிட்டரில் காவல்துறையினருடன் ஏற்பட்ட மோதல் பற்றியும் தம் மனநிலை பற்றியும் எழுதியிருந்தமையால் இவரது இறப்பு குறித்துப் பலவாறு பேசப்பட்டது. அது தற்கொலை என்று நகர மருத்துவ ஆய்வாளரின் அறிக்கை 2016 இல் தெரிவித்தது. 2017 சூன் மாதம் வெளியான டெபியன் 9 ஆம் பதிப்பு இவரது நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

தமிழ்நாட்டில்

மர்டாக்குக்குத் தமிழ்நாட்டுடன் நேரடித் தொடர்பு இருந்ததில்லை. எனினும் அவர் தொடக்கிய பொதி முறை இங்குள்ள மாணவர் பலரது கைகளுக்கு வந்தது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007 இல் வெளிவந்தது. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. புதுக்கோட்டை உள்ளிட்ட எல்லா மாவட்டங்களிலும் அவை வழங்கப்பட்டன. அவற்றில் பாஸ் லினக்சைத் திறந்து புதிய மென்பொருள் ஒன்றைச் சேர்த்த மாணவர், அறிந்தோ அறியாமலோ டிபிகேஜியையும் ஆப்டையும் பயன்படுத்தியவரே.

டெபியனின் நிறுவல் நிரலைத் தமிழிலும் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டு டெபியன் ஆர்வலர்களின் சிறு மாநாடு 2023 சனவரியில் விழுப்புரத்தில் நடைபெற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு இந்தியாவில் முதன்முறையாகக் கொச்சியில் கூடியது.